நாமினி வேற, வாரிசு வேற

கடலூர்லயும் சரி பாண்டிலயும் சரி, "அவர் பேரத்தான் நாமினியா போட்டிருக்காங்க, அப்ப பணம் அவருக்குத்தான்"னு சர்வசாதாரணமா பேசுறாங்க, ஆனா சட்டத்துல அப்படி இல்லவே இல்ல. பேங்க்ல இருக்க டெபாசிட்ட நாமினி கையில கொடுத்துட்டா பேங்கோட பொறுப்பு முடிஞ்சுது, ஆனா அந்தப் பணம் வாரிசுங்களோடது, நாமினி அத வாங்கி அவங்ககிட்ட சேர்க்க வேண்டிய ஆளு, அவ்ளோதான். இன்சூரன்ஸ் பணத்துக்கு 1983லயே சர்பதி தேவி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதத்தான் சொல்லிச்சு, 2023 டிசம்பர்ல கம்பெனி ஷேருக்கும் அதேன்னு ஆயிடுச்சு. ஆனா 2015 திருத்தத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ்ல மட்டும் அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க நாமினியா இருந்தா அவங்களுக்கே உரிமைன்னு மாத்திட்டாங்க.

வாரிசு யாருன்றது ஃபார்ம்ல எழுதுறத வச்சு வராது. உயில் எழுதாம ஒரு இந்து ஆண் இறந்துட்டா மனைவி, மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சமபங்கு, கல்யாணமாகிப் போன பொண்ணுக்கும்தான், அத யாரும் மறைக்கக் கூடாது. அப்பா அந்த முதல் வரிசையிலயே இல்லன்றது நிறைய பேருக்குத் தெரியாது. பாண்டில ரெனோன்சான் குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு காலத்துல தங்களோட சொந்த மதச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்த ஏத்துக்கிட்டவங்களோட வம்சத்துக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது.

ஒருத்தருக்கே போகணும்னு நெனச்சா நாமினிய நம்பாதீங்க, ரெண்டு சாட்சி கையெழுத்தோட உயில் எழுதிடுங்க, பதிவு பண்ணணும்னு கட்டாயம்கூட இல்ல.