சைனஸ் ஆபரேஷனுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

இன்று காலை வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஏழு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கட்டி மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டேன். என் மூக்கில் வளர்ந்திருந்த சதையை அந்த ஆபரேஷனில் எடுக்கவே இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. சைனஸுக்கென்றே நடத்துகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் மருத்துவமனை. "கத்தி இல்லை, தையல் இல்லை, காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம், நிரந்தரத் தீர்வு." அந்த வகை. உங்கள் போனிலும் வந்திருக்கும்.

எனக்கு ஆறு வருடமாக இந்தத் தொல்லை. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். வாயால் மூச்சுவிட்டுத் தூங்கி, விடியும்போது தொண்டை வறண்டு கிடக்கும். கடைசி ஒரு வருடம் வாசனையே தெரியவில்லை. ஒருநாள் துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் இருந்த மகள் கருகல் நெடி தாங்காமல் ஓடி வருகிறாள். பக்கத்திலேயே நிற்கிற எனக்குப் புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பயத்தில்தான் விளம்பரத்தில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

நான் எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே இருந்த டாக்டர் மூக்குக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். வெளிறிப்போய், பளபளவென்று, தோலுரித்த திராட்சை மாதிரி இரண்டு மூன்று சதைகள் தொங்கின. "இதுதான் மேடம் உங்களை ஆறு வருஷமாகத் தூங்கவிடாமல் செய்தது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை எல்லோரும் அலர்ஜி, தூசி, டென்ஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் என் நோயைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டார். அந்த நிமிடத்திலேயே அவரை முழுசாக நம்பிவிட்டேன்.

"திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "வரவே வராது. வேண்டுமானால் எழுதித் தரட்டுமா?" என்றார். "ஐயோ, வேண்டாம் டாக்டர்" என்றேன். வாங்கி வைத்திருக்க வேண்டும். நாலு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காக மனது அடித்துக்கொள்கிறது.

கேமராக் குழாயால் பார்த்தபடி சதையை எடுக்கிற எண்டோஸ்கோப் ஆபரேஷன் பழைய முறையாம், சைனஸ் அறையின் வாயில் சின்னப் பலூன் வைத்து விரித்துவிட்டால் போதுமாம். அன்று மாலைக்குள் கட்டினால் சலுகை உண்டு என்று ஒருங்கிணைப்பாளர் என்ற பெண் சொன்னார். கட்டிவிட்டேன். ஏழு மாதச் சம்பளம்.

ஆபரேஷன் முடிந்த அன்றிரவே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வலிக்கு இபுப்ரோஃபென் மாத்திரை கொடுத்திருந்தார்கள். போன் செய்தால், "பயப்படுகிறீர்கள் மேடம், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்" என்றார்கள். மூச்சே விட முடியவில்லை என்று சொல்கிறவளுக்கு இதுதான் பதில். இன்று பார்த்த மருத்துவர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீசிங் உண்டா, ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளுமா?" என்பதுதான். மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்துமா, இந்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமை, மூன்றும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பது உண்டாம். அவர்களுக்கு இபுப்ரோஃபென் போன்ற அந்த வகை மாத்திரை ஆபத்தாகவே முடியலாம், ஆபரேஷனுக்குப் பிறகு சதையும் சீக்கிரம் திரும்ப வளருமாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

அடைப்பு விடவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் "வீக்கம் மேடம், போகப் போகச் சரியாகும்". ஆறு வாரம் கழித்து "உங்கள் உடல்வாகு அப்படி". அப்புறம் "டாக்டர் வெளியூர் போயிருக்கிறார்". பணம் கட்டும் வரை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்ட அதே ஒருங்கிணைப்பாளர் இப்போது என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. மகள் போனிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார். மறுபடியும் ஒருமுறை செய்துகொண்டால் பாதிக் கட்டணத்தில் முடித்துத் தருகிறோம் என்றார். எனக்குக் கை நடுங்கியது.

இன்று ஃபைலைக் கொடுத்தபோது புதிய மருத்துவர், ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஸ்கேன் எடுத்த இடத்தில் உறையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது. அந்தச் சிடியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்தான் நகத்தால் கீறிப் பிரித்தார். காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிக் காட்டினார். என் கண்கள் இரண்டுக்கும் நடுவே கறுப்பே இல்லை, முழுக்கச் சாம்பல் நிறம்.

அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறைகள் நான்கு ஜோடி. கண்களுக்கு நடுவே இருப்பது எத்மாய்டு, தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்ணறைகள். மூக்குச் சதை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பலூன் என்பது கன்னம், நெற்றி, உள்ளே ஆழத்தில் இருக்கும் ஸ்பினாய்டு ஆகிய அறைகளின் வாயை அகலப்படுத்த மட்டும்தான். எத்மாய்டுக் கண்ணறைகளுக்குப் பலூன் உதவாது. சதையை அது எடுக்கவும் எடுக்காது. பலூனே வேண்டாத முறை என்று அவர் சொல்லவில்லை. பொருத்தமானவர்களுக்குப் பயன்படும், என் மாதிரி சதை வளர்ந்தவர்களுக்குத் தனியாக அது போதாது, அவ்வளவுதான். எண்டோஸ்கோப் ஆபரேஷன் 1980களில் பரவியது, பலூன் 2005 வாக்கில் வந்தது. பின்னால் வந்ததால் முன்னதன் வேலையையும் செய்துவிடும் என்று நான் நம்பவைக்கப்பட்டேன்.

இன்னொன்றும் சொன்னார், இதுதான் எனக்குள் தீயாக எரிகிறது. சதையைச் சரியாக எடுத்தாலும் நோய் ஒழிந்தது என்று அர்த்தமில்லை. ஆபரேஷன் வழியைத் திறந்துவிடும், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் மூக்கு கழுவும் உப்புநீரும் உள்ளே போய்ச் சேரும். அவற்றை அப்புறமும் விடாமல் தொடர வேண்டும். முதலில் அவற்றைச் சில வாரம் ஒழுங்காகப் போட்டுப் பார்த்து, கேட்காவிட்டால்தான் ஆபரேஷன் பேச்சே. எனக்கு ஒரு நாள்கூட ஸ்பிரே கொடுத்துப் பார்க்கவில்லை. நேராக ஏழு மாதச் சம்பளம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை, தலை கனக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். "நிரந்தரத் தீர்வு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த அறையைத் திறக்கப் போகிறீர்கள், சதையை எடுப்பீர்களா என்று ஸ்கேனை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடுமையான ஜலதோஷம் இருக்கும்போது ஸ்கேன் எடுக்காதீர்கள், அப்போது எல்லோருக்குமே சைனஸ் அடைத்தது போலத் தெரியலாம். வீசிங் இருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மூக்கு கழுவக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. இன்றைக்கே கட்டினால் சலுகை என்றால் கட்டாதீர்கள்.

ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். என் டிஸ்சார்ஜ் தாளில் "சைனஸ் சிகிச்சை முடிந்தது" என்று ஒரே வரிதான் இருக்கிறது. முழுக் குறிப்பு கேட்டு இன்று மதியம் போன் செய்தேன். பதிவேடு பார்ப்பவர் லீவாம், திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை காலை அவர்கள் கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.