ப்ரோகிராம் செய்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்

இரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. கூரைமேல் நிற்கும் பெரிய ஏசி இயந்திரம்தான் டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாக மேல்தளக் கூடம் முழுவதற்கும் காற்று அனுப்புகிறது. கூடத்தின் வெப்பநிலையைப் பார்த்து அதை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும் பழைய தெர்மோஸ்டாட் செயலிழந்துவிட்டதால் புதியதைப் பொருத்தும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். தகராறு இன்னும் முடியவில்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டிதானே, இதில் என்ன ஏமாற்றிவிடப் போகிறார்கள் என்று அலட்சியமாக இருந்ததற்கு மூன்று மாதம் தண்டனை அனுபவித்தேன்.

விலைப்பட்டியலில் மூன்று வரிகள் இருந்தன. வணிகக் கட்டடத்துக்கான 7 நாள் தெர்மோஸ்டாட், பொருத்தும் கூலி, ப்ரோகிராம் செய்து இயக்கிக் காட்டி ஒப்படைக்கும் கட்டணம். மூன்றாவது வரியின் தொகை இரண்டாவதைவிடக் கூடுதல். வேலை தெரிந்தவருக்குத் தரும் பணம்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வந்த டெக்னீஷியன் ஏழரைக்குள் முடித்துவிட்டார். திரையில் எண்கள் ஒளிர்ந்தன. கிரில்லுக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தேன், குளிர்ந்த காற்று வந்தது. "எல்லாம் அமைத்துவிட்டேன் சார், இனி அது பாட்டுக்கு வேலை செய்யும்" என்றார். அட்டைப் பெட்டியையும் அதனுள் இருந்த கையேட்டையும் சுருட்டி எடுத்து, "இந்தக் குப்பை உங்களுக்கு எதற்கு, நானே கொண்டுபோய்விடுகிறேன்" என்றபோது எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். 'ப்ரோகிராம் செய்து ஒப்படைக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்த தாளில் கையெழுத்தும் போட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கே கூடத்தில் ஆளாளுக்குக் காகிதக் கோப்புகளை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டில் குறித்திருந்த வெப்பநிலை 29.5 டிகிரி. மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. செவ்வாயும் அதே கதை. தொலைபேசியில் கேட்டேன். "புது இயந்திரம் சார், கட்டடத்தைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆகும்" என்றார். கன்றுக்குட்டி வாங்கி வந்ததுபோலத்தான் பேசினார். நானும் ஒரு வாரம் காத்திருந்தேன். பழகவில்லை.

பழகாததன் காரணம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ப்ரோகிராம் செய்யக்கூடிய தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ஓர் அட்டவணையைப் போட்டு அனுப்புவார்கள். அது வீட்டுக்கானது. காலை 6 மணிக்கு வீட்டார் எழுவார்கள், 25.5 டிகிரி. 8 மணிக்கு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், 29.5. மாலை 6 மணிக்குத் திரும்புவார்கள், மறுபடியும் 25.5. இரவு 10 மணிக்கு உறக்கம், 28. எங்கள் கட்டடத்தில் ஓடியது இந்த அட்டவணைதான், ஓர் எண்கூட மாறாமல். ஊழியர்கள் உள்ளே நுழையும் நேரத்தில் அந்தப் பெட்டி, வீட்டில் யாருமில்லை என்று முடிவு கட்டிவிடும். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வந்து மாட்டியதால் எனக்குக் குளிர்ந்த காற்று கிடைத்தது. பகல் பதினொரு மணிக்கு வந்திருந்தால் அன்றைக்கே சாயம் வெளுத்திருக்கும். வேண்டுமென்றே மாலையில் வந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டணம் வாங்கிய ப்ரோகிராமைத் தொடவே இல்லை என்பது மட்டும் உறுதி.

வாரக் கடைசியில் மறுபடி அழைத்தபோது ஒரு வைத்தியம் சொன்னார். "24 வைத்துவிட்டு ஹோல்டு பொத்தானை அழுத்துங்கள் சார், பிரச்சினை தீர்ந்துவிடும்." அழுத்தினேன், தீர்ந்தது. ஹோல்டு என்றால் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, நாமாக விடுவிக்கும்வரை அதே வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "ராத்திரியெல்லாம் மேலே மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறதே ஐயா, யாராவது வேலை செய்கிறார்களா?" என்று காவலாளி வந்து கேட்டபோது மூன்று வாரம் ஓடிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலி நாற்காலிகளைக் குளிரவைத்திருக்கிறோம். அந்த மாத மின்கட்டணத்தைப் பற்றி முதலாளியிடம் நான் கொடுத்த விளக்கத்தை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த முறை டெக்னீஷியன் வந்ததற்குத் தனியாக வருகைக் கட்டணம். இந்தத் தடவை பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை சரியாகப் பதிந்தார். எங்களுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. அதைப் பதியச் சொன்னால், சனிக்கிழமைக்கு மாற்றியது ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்ந்தே மாறுகிறது.

"என்ன தம்பி இது?"

"இந்த மாடல் அப்படித்தான் சார். சனி, ஞாயிறு இரண்டும் ஒரே ப்ரோகிராம்."

"7 நாள் மாடல் என்றுதானே பட்டியலில் இருக்கிறது?"

"வாரத்தில் ஏழு நாளும் ஓடும் சார். அதுதான் 7 நாள்."

முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். 7 நாள் மாடல் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி அட்டவணை வைக்க முடிய வேண்டும். 5-1-1 என்றால் வேலை நாள் ஐந்துக்கும் ஒன்று, சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று. எங்கள் சுவரில் இருந்தது 5-2. வீட்டுக்குப் போதும், அரை நாள் சனிக்கிழமை உள்ள அலுவலகத்துக்கு உதவாது. பெட்டியையும் கையேட்டையும் ஏன் அவ்வளவு அக்கறையாக எடுத்துப் போனார் என்பது அப்போதுதான் உறைத்தது. போகும்போது, "யார் யாரோ அழுத்துகிறார்கள் சார்" என்று பின் எண் போட்டுப் பூட்டியும் விட்டார். எண் என்னவென்று கேட்டதற்கு, அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை. பூட்டு இருப்பதில் தவறில்லை, பொது இடத்துக்கு அது வேண்டியதுதான். சாவி வெளியாரிடம் இருந்தால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு வருகைக் கட்டணம் என்று பொருள்.

இதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. வெயில் ஏறிய பிற்பகல்களில், 24 வைத்தாலும் கூடம் 27-க்குக் கீழே இறங்கவில்லை. பழைய தெர்மோஸ்டாட் இருந்த காலத்தில் இந்தக் குறை வந்ததே இல்லை. புகார் சொன்னதும் கூரைக்கு ஏறி இறங்கி, "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையை எழுதி நீட்டினார்கள். ஏசியின் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. எங்கே என்று கேட்டேன், பதில் வரவில்லை. அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

வேறொருவரை அழைத்தேன். வயதானவர், அதிகம் பேசாதவர். இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றினார். அடித்தட்டையும் மெதுவாக விலக்கி, "இங்கே பாருங்கள்" என்றார். சுவரில் இருக்கும் துளைக்குள் ஒரு வயர் நத்தைபோலச் சுருட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றிச் செருகப்பட்டிருந்தது. எங்கள் இயந்திரத்தில் குளிரை உண்டாக்கும் கம்ப்ரசர்கள் இரண்டு. வயரை மாட்டும் முனைகளில் ஒய் 1 என்ற டெர்மினல் முதலாவதை அழைக்கும், ஒய் 2 இரண்டாவதை. மாட்டியிருந்த மலிவு மாடலில் ஒய் 2 டெர்மினலே கிடையாது. எங்கே இணைப்பதென்று தெரியாத வயரை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார். ஆக, அன்று முதல் இரண்டாவது கம்ப்ரசர் ஒருநாள்கூட ஓடவில்லை. கேஸ் சரியாகவே இருந்தது.

பெரியவர் அதோடு விடவில்லை. மெல்லிய காகிதத் துணுக்கு ஒன்றைக் கிழித்து அந்தத் துளைமுன் பிடித்தார். படபடவென்று ஆடியது. கூடத்தின் உட்கூரைக்கு மேலே டக்டின் இணைப்பு ஒன்றிலிருந்து கசிந்த குளிர்காற்று, சுவரின் உள்வெளி வழியாக இறங்கி, நேராக சென்சாரின் முதுகில் வீசிக்கொண்டிருந்திருக்கிறது. கூடம் வெந்துகொண்டிருக்கும்போதும் தெர்மோஸ்டாட் தனக்குக் குளிர்கிறது என்று நினைத்திருக்கிறது. வயர் வரும் துளையைப் பசை வைத்து அடைப்பது இரண்டு நிமிட வேலை. அதற்குக்கூட அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை.

புதிய தெர்மோஸ்டாட்டை அவர் பொருத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். பழைய வயர்களைப் பிரிக்கும்முன் எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டார். நிறத்தை நம்பவே கூடாது என்றார். எங்கள் சுவரிலேயே வழக்கமாக ஃபேனுக்குப் போகும் பச்சை வயர் வேறெதற்கோ போயிருந்தது. ஆட்கள் இருக்கும் நேரம் முழுவதும் ஃபேன் ஓடும்படி வைத்தார். முந்தையவர் ஃபேனை 'ஆட்டோ' என்ற அமைப்பில் விட்டுப் போயிருந்ததால், கம்ப்ரசர் நின்றதும் ஃபேனும் நின்று, வெளிக்காற்று உள்ளே வருவதும் நின்றுபோகும். கூட்ட அறையில் எப்போதும் ஒரு புழுக்கம் இருந்ததற்கு அதுதான் காரணம். கடைசியில் வெப்பநிலையைக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்ப்ரசர் உடனே ஓடவில்லை. நான் பதறினேன். "ஐந்து நிமிடம் பொறுங்கள், நின்ற கம்ப்ரசரை உடனே கிளப்பினால் கெட்டுப்போகும், அதனால் தாமதம் வைத்திருப்பார்கள்" என்றார். முதலாவது கிளம்பியது. சற்று நேரம் கழித்து இரண்டாவது கிளம்பிய சத்தத்தைக் கூரைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தோம். பிறகு பின் எண்ணை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். பெட்டியும் கையேடும் என் மேசைமேல் இருந்தன.

உங்கள் கட்டடத்தில் இந்த வேலை நடக்கப் போகிறது என்றால், பகல் வேளையில் வரச் சொல்லுங்கள். விலைப்பட்டியலில் இருக்கும் மாடல் எண்ணும் பெட்டியின்மேல் இருக்கும் மாடல் எண்ணும் ஒன்றா என்று பிரிக்கும்முன் பாருங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை பதிந்த நேரங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு ஓடிப் பார்க்கும்வரை ப்ரோகிராம் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். "கட்டடத்தைப் பழகிக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், பதிந்த அட்டவணையை அந்த நிமிடமே காட்டச் சொல்லுங்கள்.

நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். பொருளின் விலையில் ஒரு பகுதியைத் தரலாம் என்கிறார்கள், ப்ரோகிராம் கட்டணம் திருப்பித் தர இயலாதாம், சேவை வழங்கப்பட்டுவிட்டதாம். என் கையெழுத்திட்ட தாளின் நகலை இணைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கழற்றிய அந்த மலிவு தெர்மோஸ்டாட்டைச் சாட்சிக்காக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பூட்டின் பின் எண் நான்கு சுழியம்தான் என்று பெரியவர் முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்து, எனக்குக் காட்டுவதற்காகத் தொழிற்சாலை அமைப்புக்கே திருப்பிவிட்டுப் போனார். பேட்டரி இன்னும் தீரவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு இழுப்பறையைத் திறந்து பார்த்தால், எல்லோரும் வெளியே போய்விட்டதாக 29.5 காட்டிக்கொண்டிருக்கிறது.