எழுதித் தீர்ப்பதா, பேசித் தீர்ப்பதா?

மனதில் அடைத்துக் கிடப்பதை வெளியே விட, நான் முதலில் பரிந்துரைப்பது எழுத்து. 1986இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவங்களை எழுதச் சொன்னார்கள். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆகவே முதல் நாள் அழுகை வந்தால் பாதியில் விட்டுவிடாதீர்கள். காகிதத்தின் முன் யாருக்காகவும் வார்த்தையை மாற்ற வேண்டியதில்லை. வெட்கம், பொறாமை, பெற்றவர்கள் மீதுள்ள கோபம் எல்லாம் அப்படியே வரும்.

பேச்சில் அந்தச் சுதந்திரம் குறைவு. ஆனாலும் "எனக்குப் புரியுது" என்று ஒருவர் சொல்வதைக் காகிதம் தராது. தனிமைதான் வலி என்றால் பேசுங்கள்.

கோபம் என்றால் மட்டும் கவனம், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது வளரும். 2002இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா இருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம்; உடனே ஒருவரிடம் பேசுங்கள்.