மலாக்கா நடைச் சுற்றுலா: ஐந்துக்கு மூன்றரை

போன மாதம் அம்மாவோடு கிள்ளானிலிருந்து மலாக்கா போயிருந்தேன். மூன்று மணி நேர நடைச் சுற்றுலா, ஆளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). தமிழ் பேசும் வழிகாட்டி என்றதும் பதிவு செய்துவிட்டேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் நடந்ததற்கே கொடுத்த காசு சரியாகப் போச்சு. இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1748இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். கொஞ்சம் தள்ளி, பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781இல் வந்த பொய்யாத விநாயகர் கோயில். அப்புறம் செங் ஹூன் தெங் சீனக் கோயில். பள்ளிவாசல் மினாராவைப் பார்த்து அம்மா, "இதுதான் சீனக் கோயிலா?" என்றார். கேட்டதில் தப்பில்லை, அடுக்கடுக்காகப் பகோடா மாதிரியே நிற்கிறது. கூரையும் மூன்றடுக்கு, குவிமாடமே கிடையாது. வழிகாட்டி சிரிக்காமல் நின்று விளக்கினார். அதற்கே ஒரு நட்சத்திரம்.

குறைக்கு வருகிறேன். "டச்சுக்காரன் எல்லா மதத்தையும் ஒண்ணா பார்த்தான்" என்று மூன்று தடவை சொன்னார். எங்கே பார்த்தான்? 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்ததும் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை போட்டார்கள். குன்றின் மேலிருந்த அவர்கள் ஆலயத்தையும் தங்கள் புரொட்டஸ்டன்ட் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். வியாபாரம் நடக்கச் செட்டியும் வேண்டும், சீனரும் வேண்டும். பிள்ளையாரால் ஊரை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கத்தோலிக்கர் விஷயம் பங்காளிப் பகை, போதாததற்குத் தோற்ற எதிரியின் மதம் வேறு. 1710இல்தான் கத்தோலிக்கரின் புனித பேதுரு ஆலயம் எழுந்தது, அதுவும் கோட்டைக்கு வெளியே. அங்கே போவோமா என்று கேட்டதற்கு, "அது நம்ம ரூட்ல இல்லைங்க" என்றார்.

சாப்பிட்டுவிட்டு நாங்களே போனோம். அங்குள்ள மணி 1608இல் கோவாவில் வார்த்தது. அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "தடை போட்டதிலேர்ந்து இந்தக் கோயில் வர்ற வரைக்கும் அறுபத்தொன்பது வருஷம். அதுவரைக்கும் இந்த மணிய எங்கடா வெச்சிருந்தாங்க?" என்றார். வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி!

வயதானவர்களோடு போனால் தண்ணீர் எடுத்துப் போங்கள், நடுவில் உட்கார விடமாட்டார்கள். இந்த ஆலயத்தையும் சேர்த்தால் இன்னும் 20 வெள்ளி கூடக் கொடுப்பேன்.