விண்டோஸ் எக்ஸ்பியும் உள் ஸ்பீக்கரும்

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், கணினியின் உள் ஸ்பீக்கரைக் கையாளும் விதத்தில் நிறைவையும் எரிச்சலையும் ஒருசேரத் தருகிறது. பெரும்பாலான பழைய மேசைக் கணினிகளில் இந்தச் சிறு ஸ்பீக்கர் சவுண்ட் கார்டைச் சாராமல் மதர்போர்டு எனும் முதன்மைச் சுற்றுப்பலகையின் டைமர் சிப்பால் ஒலிப்பதால், ஒலியளவை எவ்வளவு குறைத்தாலும் அதன் 'பீப்' அடங்குவதில்லை. அதை இயக்கும் மென்பொருளான 'பீப்' டிரைவரோ, சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் எளிதில் கண்ணில் படாது; வியூ மெனுவில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, பிளக் அண்ட் பிளே (தானாகக் கண்டறியப்படும் வகை) அல்லாத டிரைவர்களின் பட்டியலை விரித்தால்தான் தென்படும். இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஏன் இப்படி ஒளித்துவைக்க வேண்டும்?

மாறாக, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் ஆணைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'நெட் ஸ்டாப் பீப்' என்ற ஆணையை ஆங்கிலத்தில் தட்டினால் ஒலி உடனே நின்றுவிடுகிறது. 'நெட் ஸ்டார்ட் பீப்' அதை மீட்டுத் தருகிறது. இந்த எளிமை பாராட்டத்தக்கது. டிரைவர் இயங்கியும் ஒலி வரவில்லையென்றால், மதர்போர்டில் ஸ்பீக்கர் வயர் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே கேட்கும் பீப், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரலான பயாஸுடையது. நினைவகக் கோளாறை அறிவிப்பதும் அதுவே என்பதால், தொந்தரவு என்று வயரைப் பிடுங்கிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.