மூன்று வருடமாக நூலை அறுக்கும் குழாய்

ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, அதைக் கட்டும் செட் ஒன்று வாங்கலாமா என்று போன வாரம் நண்பர் கேட்டார். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது மூன்று வருடமாக என் மேசையில் கிடக்கும் அதே செட். விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கிய பிறகு எழுதுகிறேன்.

முள்ளைப் பிடித்து நிறுத்தும் இடுக்கியான வைஸில் குறை இல்லை. 10-ஆம் நம்பர் முள்ளையும் 16-ஐயும் ஒரே மாதிரி கவ்விப் பிடிக்கிறது. கத்திரியும் பரவாயில்லை. என் சண்டை எல்லாம் நூல்கண்டைத் தாங்கும் பாபின் ஹோல்டரோடுதான், அதிலும் நூல் வெளியே வரும் அந்த இரும்புக் குழாயின் வாயோடு.

முதல் வருடம் முழுக்க நூல் அறுந்தது. வால் கட்டி, உடம்பு சுற்றி, சேவலின் கழுத்து இறகையும் சுற்றி முடிச்சுப் போடப் போகும்போது பார்த்து 'டப்' என்று போகும். கட்டியதெல்லாம் கண் முன்னால் அவிழும். 70 டெனியர் நூல் மெல்லியதுதான், என் கை முரடு என்று நினைத்துக்கொண்டேன். வீடியோக்களிலும் 'நூலை ரொம்ப இழுக்காதே' என்றே சொன்னார்கள். சரி என்று தளர்த்தினால், இறகு முள்ளின் மேல் வழுக்கிச் சுழன்றது.

ஒரு நாள் சும்மா பஞ்சை எடுத்துக் குழாய் வாயில் தேய்த்தேன். இழை மாட்டிக்கொண்டது. பிசிறு! கண்ணுக்கே தெரியாத ஒரு பிசிறுக்காக ஒரு வருடம் என் கையைத் திட்டியிருக்கிறேன். ஜீரோ நம்பர் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்ததில் ஆறு மாதம் ஓடியது. அப்புறம் பழையபடி 'டப்'.

அந்த ஆத்திரத்தில்தான் ஃப்ராங்க் சாயர் வழிக்குப் போனேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைக் காவல் காத்தவர். ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகில் அவர் கட்டிய, நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரியான ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் என்ற ஃப்ளையில் நூலே கிடையாது. மெல்லிய செம்புக் கம்பியும் ஃபெசன்ட் வால் இழையும் மட்டும்தான். கம்பியே கட்டும், கம்பியே எடை கொடுத்து ஃப்ளையைத் தண்ணீருக்குள் இறக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டேன். மயிர் மாதிரிக் கம்பியை ஒரு கை நிறையச் சும்மாவே கொடுத்தார்கள். ஃபெசன்டுக்கு எங்கே போவது? நாட்டுச் சேவல் வால்தான். கம்பி வளைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம், ஒன்றும் அவிழாது. நூலோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் இந்தச் சுகம் தெரியும். நீலகிரி அவலாஞ்சியின் ட்ரவுட் மீன் எல்லாம் நமக்கு எட்டாது, எங்கள் குளத்து ஜிலேபி மீன் இதை நன்றாகவே எடுக்கிறது.

பீங்கான் வாய் வைத்த ஹோல்டரும் ஒன்று தனியாக வாங்கிவிட்டேன். இதுவரை ஒரு தடவைகூட அறுக்கவில்லை. ஆனால் கை பழக்கதோஷத்தில் பழையதையே எடுக்கிறது.

நண்பரிடம் இந்த செட்டே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ராத்திரி மறுபடி விலையைப் பார்த்தேன். வைஸுக்கு மட்டுமே இந்தக் காசு கொடுக்கலாமே என்று தோன்றியது. எனக்கு ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.