இரண்டு தாரம் உள்ள வீட்டுக்கு வாரிசுச் சான்று: இ-சேவை எதுவரை கைகொடுக்கும்?

மதுரையில் ஒரே மனைவி உள்ள குடும்பத்துக்கு இ-சேவை மையம் தாராளமாகப் போதும். கட்டணம் 60 ரூபாய். இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லாருடைய ஆதார், ரேஷன் கார்டு கொண்டுபோங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்த பின் தாசில்தார் சான்று தருவார். ஆதாரில் ‘முத்துலட்சுமி’, ரேஷன் கார்டில் ‘முத்துலெட்சுமி’ என்றிருந்தால் மனு அங்கேயே நிற்கும். முதலில் அதைத் திருத்துங்கள்.

இறந்தவருக்கு இரண்டு மனைவி என்றால், பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வார்கள். 1955 இந்து திருமணச் சட்டப்படி, மூத்த தாரம் உயிரோடும் விவாகரத்து ஆகாமலும் இருக்கையில் நடந்த இரண்டாம் கல்யாணம் செல்லாது. ஆனால் 16-ஆம் பிரிவுப்படி இளைய தாரத்துப் பிள்ளைகளுக்கு அப்பா சொத்தில் பங்குண்டு. அவர்களை மறைத்து மனுப் போடுவதுதான் பெரிய தப்பு. ஆட்சேபணை வந்தால் வாங்கிய சான்றும் ரத்தாகும். பாவம், அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம்தான் என்ன?

முஸ்லிம் குடும்பத்தில் கணக்கே வேறு: இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவியர் எல்லாருக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு, அதைச் சமமாகப் பிரிக்க வேண்டும்.

இ-சேவையில் மனுவைப் பதிவுசெய்வார்கள், சட்ட யோசனை கிடைக்காது. அதற்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.